முடிச்சுப் போட்ட சாக்ஸ்

ராணுவப் பயிற்சி முகாம் என்றால் ஊருக்குக் கொடி, அணிவகுப்பு, மிடுக்கு. அவளுக்கு நாற்றம். முகாமின் சலவைக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மகள் கைக்குழந்தை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலைதான் மகளையும் மகனையும் ஆளாக்கியது.

புதிதாகச் சேர்ந்த பையன்களின் அழுக்குத் துணி வலைப் பைகளில் வரும். பைக்கு ஒரு தகர வில்லை, வில்லையில் ஓர் எண். முகம் கிடையாது, பெயர் கிடையாது. எண்தான் ஆள்.

முதலில் வருவது வாந்தி. ஓட விட்டு, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடியும் ஓட விட்டால் வேறென்ன வரும்? அப்புறம் சட்டைத் தோளில் துப்பாக்கி எண்ணெயும், அதன் அடியில் தோலுரிந்த ரத்தமும். முழங்கைச் சேற்றில் என்ன கலந்திருக்கிறது என்று ஆராயக் கூடாது. சில படுக்கை விரிப்புகள் நனைந்து வரும். மீசை முளைத்த பையன்கள், யாரோ கத்துவதைக் கனவில் கேட்டு நனைத்துக்கொள்கிறவர்கள். நனைத்தவன் அந்த விரிப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு காலை வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு அங்கே ஒழுக்கம் என்று பெயர்.

இதையெல்லாம் அவள் கையால்தான் எடுத்துப் போட்டாள். சாக்ஸை மட்டும் தொட மாட்டாள். ஊறிய தோலும் சீழும் பூட்ஸ் தோலும் சேர்ந்து அடிக்கிற வாடை அவளுக்குக் குடலைப் பிடுங்கும். சட்டைகளை உருவிய பிறகு சாக்ஸ் கிடக்கிற பையை நீளக் கைப்பிடி இடுக்கியால் கவ்வி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியே கொதிக்கிற அண்டாவில் இறக்குவாள். வெந்ததைப் பிரித்துக் காயப்போடுவது இஸ்திரிக்காரர் பாடு.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இந்தக் கதைதான்.

"சாப்பாட்டுல கையை வெச்சிருக்கேம்மா," என்பாள் மகள். அவள் தொழிற்பள்ளியில் இயந்திரம் பழுதுபார்க்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கண்ணை மூடிக்கிட்டுத் தின்னு. இவன்தான் கேக்கணும். பட்டாளத்துக்குப் போறேன்னு குதிக்கிறான்ல. டேய், அங்க என்ன நடக்கும்னு உனக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன். மொத நாள் மொட்டை. ரெண்டாம் நாள் வாந்தி. அப்புறம் கால். கால் புண்ணாகும், சொல்ல மாட்டானுங்க. சொன்னா அடுத்த பேட்சுக்குத் தள்ளிடுவாங்க, மறுபடியும் மொட்டையிலேருந்து ஆரம்பிக்கணும். அதுக்குப் பயந்துக்கிட்டு அழுக விடுவானுங்க. ஆனா என் கண்ணுக்குத் தப்பாது. சாக்ஸைப் பாத்தாலே போதும், எவனுக்கு என்னன்னு சொல்லிடுவேன்."

"பாக்கவே மாட்டியே, இடுக்கியில தூக்கிப் போடுவியே," என்று சிரித்தான் மகன்.

"உன்னோடதைப் பாப்பேன்டா. நீ மட்டும் சேந்து பாரு."

சேர்ந்தான். அவள் மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். அழுது பார்த்தாள். கடைசியில் அவன் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, "சாக்ஸையாவது முடிச்சுப் போடாம கழட்டு, எருமை," என்று சொல்லி அனுப்பினாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம். கழற்றிய ஜோடியின் வாய் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு, மிச்ச நுனியை முடிச்சுக்குள்ளேயே ஒரு செருகல். தொலையாது என்பான். தோய்க்கிறவளுக்குத்தானே வலி.

முகாமில் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்ளக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் ஓடுவான். இந்தப் பக்கம் இவள் துணி உலர்த்துவாள். அவன் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவனுடைய எண் அவளுக்குத் தெரியும். அந்தப் பை வந்தால் மட்டும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையை விட்டுச் சாக்ஸை எடுத்து விரித்துப் பார்ப்பாள். குதிகால் சுத்தம். விரல் முனையில் கொஞ்சம் வியர்வைக் கறை, அவ்வளவுதான். முடிச்சுகூட இல்லை.

"பரவாயில்ல தம்பி," என்றாள் இஸ்திரிக்காரரிடம். "நான் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினதைப் பட்டாளம் ஒரு வாரத்துல திருத்திடுச்சு."

"உங்க பையனைத் திருத்தி என்ன புண்ணியம், அக்கா? இன்னொருத்தன் இருக்கானே. முடிச்சுப் போட்டே அனுப்புறான். வெந்து கல்லா இறுகிடுது. பல்லால கடிச்சா அவுக்கிறது?"

"அவனைச் சொல்லிக் குத்தமில்ல. வளத்தவளைச் சொல்லணும்."

இருவரும் சிரித்தார்கள்.

அந்த இன்னொருவனின் பை வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டு வந்தது. முதலில் மஞ்சள். பிறகு பச்சை கலந்த மஞ்சள். பை வாயைத் திறந்ததுமே அவள் புடவைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டாள். "எவ பெத்ததோ, அழுகுது," என்றாள். "மருந்தறையில சொல்லலாமா, அக்கா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர். "நமக்கெதுக்கு? அவனே மறைக்கிறான். சொன்னா நம்மளைத்தான் சபிப்பான்." இடுக்கி பையைக் கவ்வியது. அண்டா குமிழியிட்டது.

பயிற்சியின் கடைசிச் சோதனையான நெடுநடைப் பயணத்துக்கு முந்தைய வாரம் இடுக்கியின் ஆணி கழன்றுவிட்டது. பை பாதி வழியில் தரையில் விழுந்து, சாக்ஸ் வெளியே உருண்டது. பிடித்துத் தூக்கக் கந்தல் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, இரண்டு விரலால் அதைத் தூக்கினாள்.

வாய் இரண்டும் சேர்ந்து ஒரு முடிச்சு. மிச்ச நுனி முடிச்சுக்குள்ளே செருகல்.

அவள் அதை அவிழ்த்தாள். பழகிய விரல்; ஒரே இழுப்பில் வந்தது. உள்ளே துணியோடு தோலும் ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"அக்கா, என்ன செய்றீங்க?" என்று கத்தினார் இஸ்திரிக்காரர்.

அவள் சாக்ஸோடு வெளியே வந்தாள். சலவைக்காரர்கள் கால் வைக்கக் கூடாத மைதானத்தில், சோப்பு நுரை சொட்டச் சொட்ட நடந்தாள். பையன்கள் வரிசையில் நின்றார்கள். பயிற்சி கொடுக்கிறவருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் தொண்டை. தொண்டை அவளைப் பார்த்ததும் பாதிச் சொல்லில் நின்றார்.

"ஏம்மா! இங்கெல்லாம் வரக்கூடாதுன்னு தெரியாது?"

அவள் சாக்ஸை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க சார்."

"என்ன திமிரு உனக்கு!"

"ஆறு வாரமா இது உங்க முன்னாடி நிக்குது. ஒரு தடவை மோந்து பாருங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகன் நேரே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது, வெட்கத்தாலா காய்ச்சலாலா என்று தெரியவில்லை. அவனுக்கு அடுத்து நின்றவன்தான் உடைந்தான்.

"அம்மா, என்னோட சாக்ஸைத்தான் அவன் பையில போட்டு அனுப்புவோம். அவனோடது என் பையில. எங்கம்மா பாத்தா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு கெஞ்சினான்..."

மகனின் பூட்ஸ் கழலவில்லை. கத்தியால் கிழித்தார்கள். மைதானத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். அப்படி ஒழுங்காக அவர்கள் எந்தக் கட்டளைக்கும் அசைந்ததில்லை. தொண்டை கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். அவள் மட்டும் மண்டியிட்டு அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கெடுத்துட்டியேம்மா," என்றான் மகன். "இன்னும் ஒரு வாரம்தான் இருந்துச்சு."

இரண்டு விரல் போயிற்று. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் மருத்துவர். தகுதியில்லை என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். "ரெண்டு வெரல்தானேம்மா, உயிரா போச்சு?" என்று தொண்டை ஆறுதல் சொன்னார். அவள் அவர் முன்னாலேயே காறித் துப்பினாள். அதற்காக அவளை அழைத்து விசாரித்தார்கள். "வாய்ல கெட்ட ருசி, சார்," என்றாள். அதற்கு மேல் அவர்களுக்கு எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை.

மகன் அவளோடு ஒரு வருஷம் பேசவில்லை. அவளைத் தின்றது அதுவல்ல. மகன் கால் என்று தெரியாமல் அவன் சாக்ஸைப் பார்த்து அருவருத்து, எவ பெத்ததோ என்று சொல்லி அண்டாவில் போட்ட வாய் அவளுடையது. அந்த எண்ணுக்காக ஒரு வார்த்தை மருந்தறையில் சொல்லியிருந்தால் பத்து விரலும் இருந்திருக்கும். மற்றவர்கள் அவளைத் தேற்றும்போது இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

இடுக்கிக்கு அவள் மறுபடி ஆணி அடிக்கவில்லை. எல்லாப் பையிலும் கையை விட்டாள். வாந்தி வந்தால் வெளியே போய் எடுத்துவிட்டு வந்து அடுத்த பையைத் திறந்தாள். மோசமானது கிடைத்தால் வில்லையைக் கழற்றிக்கொண்டு மருந்தறை வாசலில் நின்று எண்ணைச் சொல்லிக் கத்துவாள். பையன்கள் அவளுக்குச் சீழம்மா என்று பெயர் வைத்தார்கள். அவளால் அடுத்த பேட்சுக்குத் தள்ளப்பட்டவர்கள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாக்கூசும் வார்த்தைகளால் திட்டினார்கள். "கால் இருக்குல்ல, நின்னு திட்டு," என்பாள்.

பின்னாளில் முகாமுக்குப் புது இயந்திரங்கள் வந்தன. அவற்றைப் பொருத்த வந்த நிறுவனத்தில்தான் மகளுக்கு வேலை. அம்மாவுக்கு அவளே விளக்கினாள்.

"பையை அப்படியே உள்ள போடணும். பை தண்ணியில கரைஞ்சிடும். தொட வேணாம், பிரிக்க வேணாம். நாத்தமே இருக்காது."

அவள் அந்த மெல்லிய பையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அப்ப யாருடி பாப்பாங்க?"

"பாக்கத் தேவையில்லம்மா. அதுக்குத்தான் இது."

"அதுக்குத்தான்," என்றாள் அவள். முகத்தில் அந்தப் பழைய சுளிப்பு. அந்த மாதமே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அதிக காலம் இல்லை. நெஞ்சு நின்றது, துணி மடித்துக்கொண்டிருந்தபோது.

காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த மதியம், மகள் குளியலறையில் அழுக்குக் கூடையைக் கவிழ்த்தாள். தம்பியின் சாக்ஸ் மேலே கிடந்தது. வாய் இரண்டும் சேர்ந்து ஒரு முடிச்சு, உள்ளே ஒரு செருகல். ஒரு சாக்ஸின் முனை விரலில்லாத இடத்தில் மடிந்து தேய்ந்திருந்தது. அவளுக்கு ஒரே இழுப்பில் அவிழவில்லை. நகத்தால் நெம்பி அவிழ்த்து, உள்பக்கம் வெளியே திருப்பி, மூக்கருகே கொண்டுபோனாள்.

தம்பி வாசலில் நின்றான்.

"என்னக்கா பண்ற? கருமம்."

"பாக்குறேன்."

அவன் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காலை அவள் பக்கமாக நீட்டினான்.