பெல்ட் மாற்றப்போய் ஊசி வாங்கின கதை

ரெக்கோட் பிளேயர் திருத்துகிறவனுக்கு இரண்டு விஷயம் வரக்கூடாது: ஒன்று கைநடுக்கம், மற்றது தும்மல். மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் கடை வைத்திருக்கும் எனக்கு இரண்டும் தாராளமாக வரும். அடுத்தவரின் அருமைச் சாமானைத் திறந்து வைத்துக்கொண்டு "ஐயோ" என்று வாயைப் பொத்தின அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

பெல்ட் மட்டும்

ரஞ்சிதம் ரீச்சர் பிளேயரை ஓட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். அது அவருடைய கணவரின் உயிர். கணவரை ஊரில் பாட்டு மாஸ்டர் என்றால்தான் தெரியும். தேவாலயப் பாடகர் குழுவை வருடக்கணக்காக நடத்தியவர். பின்வரிசையில் ஒருவர் சுருதி விலகினாலும் ஆளைச் சரியாகத் திரும்பிப் பார்ப்பார். நானும் அந்தப் பின்வரிசையில் நின்றவன்தான், அதனால் பயம் இன்னும் போகவில்லை.

மாஸ்டர் அப்போது கொழும்பில், கண் ஒப்பரேசனுக்குப் போயிருந்தார். பத்து நாளில் வருவார். வந்தபிறகு ஒரு மாதம் வாசிக்கக்கூடாது, டிவி பார்க்கக்கூடாது. இசைத்தட்டு ஒன்றுதான் துணை. அதுவும் பாடாவிட்டால் ரீச்சர் பாடு அதோகதி. சாமானைத் தந்துவிட்டு வாசல்வரை போனவர், கிறுகி வந்து சொன்னார்: "பெல்ட்ட மட்டும் மாத்துங்க தம்பி, மத்த ஒண்டிலயும் கை வைக்க வேணாம்."

கை வைத்தேன்

தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அதோடு மூடியிருக்கலாம். ஊசியில் ஒரு தூசிக் கட்டி இருந்தது, விடுவேனா? பூனைமயிர்ப் பிரஷ்ஷால் மெல்லத் தடவினேன். சத்தியமாக மெல்லத்தான். ஊசி கழன்று மேசையில் விழுந்தது. ஒரு நிமிடம் நான் மூச்சே விடவில்லை, விட்டால் அதுவும் பறந்துவிடும்.

என் கடையின் மறுபாதியில் போன் திருத்தும் றமீஸ் எட்டிப் பார்த்தான். ஆறுதலாக ஏதும் சொல்வான் என்று நினைத்தேன். அவன் சொன்னது: "அண்ணே, எனக்கிட்ட வாறவங்க உடைச்சிட்டுத்தான் கொண்டு வாறாங்க. நீங்கதான் கொண்டுவந்த பிறகு உடைக்கிறீங்க."

மாப்பிள்ளை விசாரணை

அந்த ஊசி இப்போது செய்வதில்லையாம். அப்படியென்றால் ஊசியைத் தாங்கும் காட்ரிஜ்ஜையே முழுதாக மாற்றவேண்டும். கொழும்பில் இந்தச் சாமான் விற்கும் ஒரு யாழ்ப்பாணத்து மனிதருக்குப் போன் எடுத்தேன். அவரிடம் மூன்று இருந்தது. ஒன்று தட்டை ஐந்து கிராம் பாரத்தில் அமத்தும். பாடும், ஆனால் தட்டை உழுதுவிடும். மற்றது நல்ல விலை, நல்ல சத்தம், ஆனால் காட்ரிஜ்ஜைப் பிடிக்கும் கை மெல்லியதாக உள்ள பிளேயருக்குச் செய்தது. மாஸ்டரின் பிளேயரின் கை இரும்புக்கை. தட்டு கொஞ்சம் நெளிந்திருந்தாலும் அதில் இந்த ஊசி துள்ளும். மூன்றாவது நடுத்தரம், இரண்டு கிராம், பழைய ஓட்டைகளுக்கே திருகாணி பொருந்தும். ஒரே குறை, பழையது கறுப்பு, இது பளிச்சென்ற சிவப்பு.

இதை முடிவெடுக்க எனக்கு மூன்று நாளும் ஏழு போன் கோலும் பிடித்தது. மாஸ்டரின் தட்டுகளில் ஒரு கீறல் விழுந்தால் நான் ஊரில் இருக்க ஏலாது, அதுதான். ஏழாவது கோலில் அந்த மனிதர் பெருமூச்சு விட்டார்: "ஒரு ஊசிக்கு இவ்வளவு விசாரிக்கிறியள், மட்டக்களப்பில மாப்பிள்ளை எடுக்கேக்கை என்ன பாடு படுத்துவியள்?"

கால் பவுன்

பார்சல் எட்டாம் நாள் வந்தது. நாலு வயரையும் நிறம் பார்த்துக் கொழுவினேன். ஊசியின் பாரத்தைக் கையின் பின்பக்கக் குண்டைத் திருப்பித்தான் வைக்கவேண்டும். அங்கேதான் அடுத்த வினை: குண்டில் இலக்கங்கள் எல்லாம் தேய்ந்துபோய் இருந்தன. இரண்டு கிராமைக் கையால் எப்படி மதிப்பது? பிளேயரைத் தூக்கிக்கொண்டு நகைக்கடைப் பத்தரிடம் ஓடினேன். தோடு வாங்க வந்த இரண்டு பெண்கள் விலகி இடம் தந்தார்கள்.

பத்தர் தன் உள்ளங்கையளவு தராசைத் தட்டு சுற்றும் இடத்தில் வைத்தார். ஊசியை அதில் இறக்கினேன். நாலு கிராம்! இப்படியே கொண்டுபோயிருந்தால் கதை கந்தல். குண்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பத் திருப்ப இலக்கம் இறங்கி இரண்டில் நின்றது. பத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறிவித்தார்: "கால் பவுன், சரியா நிக்குது. சேதாரம் இல்ல."

கண்ணா, காதா

பத்தாம் நாள் மாஸ்டர் வீட்டுக்குப் பிளேயரைக் கொண்டுபோனேன். ஒரு கண்ணில் கட்டும் மற்றதில் மங்கலுமாகக் கதிரையில் இருந்தார். தட்டைப் போட்டேன். மனிதர் அசையவில்லை. பின்வரிசையில் நின்றபோது பார்ப்பாரே, அந்தப் பார்வைக்குத்தான் காத்திருந்தேன். ஒரு பக்கம் முழுதும் ஓடி முடிந்தது. மாஸ்டர் மெல்லக் கேட்டார்: "டொக்டர் ஒப்பரேசன் செய்தது எனக்குக் கண்ணிலயா, காதிலயா?"

அப்பாடா! பத்து நாளாகப் பிடித்த மூச்சை அங்கேதான் விட்டேன்.

படலையடியில்

அந்தச் சந்தோசத்தில் மறைக்க மனம் வரவில்லை. வழியனுப்ப வந்த ரீச்சரிடம் படலையடியில் சொல்லிவிட்டேன்: "ரீச்சர், மன்னிக்கணும். ஊசிய நான் உடைச்சிட்டன். அதுதான் புதுசு போட்ட நான்."

ரீச்சர் வீட்டுப்பக்கம் ஒருதரம் பார்த்தார். "சத்தம் போடாதீங்க மனே. நீங்க உடைக்கல்ல. அவர் கொழும்புக்குப் போன அண்டு தூசி தட்டுறன் எண்டு சீலைத்தலைப்பால இழுத்து உடைச்சது நான். குளூ வச்சு ஒட்டித்தான் உங்களுக்கிட்ட தந்த நான். பெல்ட் இழுபட்டதும் மெய்தான். பத்து நாளா எனக்கு நித்திரை இல்ல."

"எனக்கும்தான் ரீச்சர்!" என்றேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர், என் கையைப் பிடித்தார்: "மறுகா கண்ணுக் கட்ட அவிழ்த்தா அவருக்கு அந்தச் சிவப்பு தெரிஞ்சிரும். கேட்டா, நீங்கதான் உடைச்ச எண்டு சொல்லுவீங்களா மனே?"

இன்று ஊரில் மாஸ்டரின் ஊசியை உடைத்தவன் என்று பெயரெடுத்துக்கொண்டு, உடைக்கவில்லை என்ற நிம்மதியில் நான் நன்றாக நித்திரை கொள்கிறேன்.