அப்பா தாடி வளர்த்த வருஷம்

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், எதையாவது விட்டுவிடுவார். ரேஷனில் சர்க்கரையைக் குறைத்தபோது காப்பியில் சர்க்கரையை விட்டார். பஸ் கட்டணம் ஏறியபோது பஸ்ஸை விட்டு, அலசூர் வீட்டிலிருந்து அச்சகத்துக்கு நடந்தே போனார். அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியுமா என்று அம்மா கேட்பாள். எனக்குத் தெரிந்தால் போதும் என்பார்.

அறுபத்திரண்டில் சீன எல்லையில் சண்டை வரும் என்ற பேச்சு வலுத்தபோது அவர் விட்டது சவரத்தை. பத்திரிகை அச்சகத்தில் அவருக்குப் பிழை திருத்தும் வேலை. ஊர் படிப்பதற்கு முன்பே அந்தச் செய்திகளை அவர் படித்தாக வேண்டும். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருஷம். அந்த எல்லைக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். "ரெண்டு பக்கமும் உக்காந்து பேசற வரைக்கும் என் மூஞ்சில கத்தி படாது" என்று ஒரு காலையில் அறிவித்துவிட்டு, ஜன்னலோரக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

தெருவில் எல்லாரிடமும் காரணத்தைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. டில்லிக்காகவும் பீகிங்குக்காகவும் ஒரு மனுஷன் தாடி வளர்ப்பானா? எங்கள் பக்கத்தில் குடும்பஸ்தன் சவரத்தை நிறுத்துவது இரண்டே காரணத்துக்குத்தான். வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், அல்லது மனைவி முழுகாமல் இருக்க வேண்டும். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும் வரை புருஷன் கத்தியைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் எல்லாரும் உயிரோடுதான் இருந்தோம். ஆகவே தெரு தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

அம்மாவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. குழாயடியில் அவள் குடத்தைத் தூக்கப் போனால் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, நெல்லிக்காயை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவந்து, எத்தனை மாதம் என்று காதோடு கேட்டார். அம்மா தட்டைத் தொடவில்லை, நான்தான் தின்றேன். அன்று அப்பாவைப் பிடி பிடியென்று பிடித்தாள்.

"வயசுப் பொண்ணு இவள வீட்ல வச்சுக்கிட்டு எனக்கு இந்த அவமானம் தேவையா? நாளைக்கே வழிச்சிடுங்க."

தெரு தப்பாக நினைக்கிறது என்பதற்காகக் கொள்கையை மாற்ற முடியாது என்றார் அப்பா. அம்மா அவரோடு பேசுவதை விட்டாள். விட்டுவிடும் வித்தை அவளுக்கும் வரும். அவரைச் சாப்பிடக் கூப்பிட என்னைத்தான் அனுப்புவாள். ஆனால் அவர் தட்டில் நெய் மட்டும் குறையவில்லை. இரண்டு பேரையும் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் பாசமாகவும் இருக்கும்.

தீபாவளிக்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. சேதியைக் கொண்டுவந்தவர் அப்பாதான். சட்டையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியை நேராகத் திருப்பி, கிண்ணத்தில் சோப்பைக் கரைத்தார்.

"தோத்துட்டேன். இனிமே இது எதுக்கு" என்றார்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து, அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் நெல்லிக்காய் இருக்கிறதா என்று கேட்டாள். வாசலில் நின்று, எல்லார் கண்ணெதிரிலும் தின்றாள்.

"நீங்க நெனச்சபடியே இருக்கட்டும். எம்புள்ள நல்லபடியா வர வரைக்கும் அவரு சவரம் பண்ண மாட்டாரு" என்றாள்.

கன்னடக்கார அம்மா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் வந்தது மார்கழிக் குளிரில். காலில் கட்டு, ஆள் பாதியாக இளைத்திருந்தான். தாடியோடு கதவைத் திறந்த அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா எங்க?" என்று கேட்டான்.

அம்மா கத்தியும் சோப்புக் கிண்ணமுமாக உள்ளேயிருந்து வந்தாள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முதலில் உட்கார் என்றாள். அப்பா கத்தியைக் கையில் வாங்கினார். அதை அண்ணனிடமே நீட்டினார். சவரத்தை அண்ணன்தான் செய்துவிட்டான்.