கச்சிராயபாளையத்தில் ஒரு புரட்டாசி வெள்ளிக்கிழமை

வெள்ளிமலைக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது புரட்டாசி. வெயில் கம்மி, மலை பச்சென்று இருக்கும். நான் முதலில் போனதும் ஒரு புரட்டாசியில்தான். இடஒதுக்கீட்டுப் போராட்டப் பேச்சு ஓயாத வருஷங்கள் அவை. கூட வேலை பார்த்த வேலு, "எங்க வூட்ல தங்கிட்டு மலைக்குப் போலாம் வாங்க சார்" என்று கூப்பிட்டிருந்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து அவன் ஊரான கச்சிராயபாளையம் பதினைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கரும்பு வண்டிக்குப் பின்னால் மாட்டினால் கடவுள்தான் துணை. வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் தெருவே வீடு கழுவி, சொம்புக்கு நாமம் போட்டுக்கொண்டிருந்தது. வேலு வீட்டில் மட்டும் ஒன்றையும் காணோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

வேலுவின் அம்மா மங்கம்மாள் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் கணவருக்கு நெஞ்சுவலி. போராட்டத்தில் சாலை நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். வயல் வழியாகச் சுற்றிக் கட்டை வண்டியில் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது. அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. பண்டிகை நாளில் சாவு விழுந்த வீட்டுக்கு அந்தப் பண்டிகை கிடையாது. அதே நாளில் அங்கே பிள்ளையோ கன்றோ பிறந்தால்தான் திரும்பி வரும். நான் போயிருந்தபோது வேலுவின் மனைவி செல்விக்கு நிறைமாதம்.

"நாளைக்குப் பொறந்துட்டா அடுத்த வருசம் பெருமாளுக்குத் தளிகை போட்ருவேன்" என்றார் மங்கம்மாள். அவர் அதற்கு எவ்வளவு ஏங்கிக் கிடந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது.

நாலு மணிக்கே செல்விக்கு வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். "தலப்பிரசவம், சீக்கிரம் ஆவாது. விடியற வரைக்கும் வூட்லயே வெச்சிக்கினா சனிக்கிழம ஆயிடும்" என்றாள் ஒருத்தி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த இடத்தில் என்ன பேச? வேலு அம்மாவையே பார்த்தான்.

"இன்னாடா என் மூஞ்சியப் பாத்துகினு நிக்கிற? போய் காரை இட்டா!" என்றார் மங்கம்மாள்.

வந்த வாடகைக் கார் டிரைவர் தயங்கினார். "மறுபடி மரம் வெட்டப் போறாங்கன்னு பேசிக்கினு இருக்காங்கம்மா."

"அதுக்குத்தாங்க இப்பவே போவணும். மரம் வுழுந்தப்புறம் கெளம்பித்தான் அவரப் பறிகுடுத்தேன்."

நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். வழி நெடுக மங்கம்மாள் மருமகளின் கையை விடவில்லை. சாலையில் மரம் எதுவும் விழுந்திருக்கவில்லை. எட்டரைக்கு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், வெள்ளிக்கிழமையிலேயே, பெண் குழந்தை. கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். வீட்டில் வைத்திருந்தால் பிழைத்திருக்காது என்று நர்ஸ் சொன்னார்.

மறுநாள் நான் மட்டும் மலையேறினேன். வழியில் ஊரெல்லாம் கோவிந்தா சத்தம்.

போகிறவர்களுக்கு: கோமுகி அணையைத் தாண்டினால் வளைவுகள் ஜாஸ்தி, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். திரும்பும் பஸ்ஸை ஏறும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் இன்றுவரை தளிகை இல்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று போன வருஷம் வேலுவிடம் கேட்டேன்.

"இல்லாம என்னா சார்? சாவுற வரைக்கும் ஒவ்வொரு புரட்டாசி சனிக்கிழமையும் அழுவாங்க. அழுதுகினே பேத்திக்குத் தலை சீவி வுடுவாங்க."