‘உப்பு கம்மி’ என்று நான் எழுதிய டப்பா

என் கணவர் எண்ணூரில் லாரி ஓட்டுகிறார். பிரஷர் இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அதனால் பிள்ளைகளுக்கு வாங்கிய மிக்சர் டப்பாவில் ‘உப்பு அதிகம், ஆபத்து’ என்று சிவப்பு மையில் எழுதினேன். அவருக்காக நானே செய்த மிக்சர் டப்பாவில் ‘உப்பு கம்மி’ என்று எழுதினேன்.

ஞாயிறு மதியம் டோல்கேட் கடைக்குப் போய்த் திரும்பினால், தலையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு இருட்டிக்கினு வருது."

ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் பிரஷர் எகிறியிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் கேட்டார்.

"மிக்சரு. இவதான் உப்பு கம்மினு எய்தி வெச்சா. அதான் மொத்தமும் துன்னுட்டேன்."

வீட்டில் சிவப்பு எழுத்து டப்பா தொடாமல் இருந்தது. மற்றதில் தூள்கூட இல்லை.

இப்போது நான் எதிலும் எழுதுவதில்லை. ஒரு கைப்பிடி கொடுத்துவிட்டு, டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.