கோலாலம்பூரில் அக்கா மூட்டிய அடுப்பு

அக்காவின் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் இனசனத்தவர்க்கும் அயலவர்க்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத என்னைவிடப் படித்த பிள்ளைகள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் கதைக்கவும் கூச்சம். ஆனாலும் மலாயாவில் அக்காவோடு கூட இருந்தவள் நான் ஒருத்திதான் என்றபடியால் எழுதுகிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்து நீர்வேலியில் தோட்டக்காரக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர். ஐயா வேளைக்கே காலமாகிவிட, வாழைக்குத் தண்ணீர் கட்டி எங்களை வளர்த்ததும் அவர்தான். மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்த அத்தானைக் கலியாணம் முடித்து, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கப்பல் ஏறினார். துணைக்கு அம்மா என்னையும் அனுப்பினார்.

கோலாலம்பூரில் எங்களுக்குக் கிடைத்தது ரயில்வேக்காரருக்கென்று வரிசையாகக் கட்டிய லயின் வீடு. இந்தப் பக்கம் மலாய்க்காரி, அந்தப் பக்கம் சீனத்தி, கடைசி வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். ஒருவர் பாசை ஒருவருக்குத் தெரியாது. அக்கா முன்கதவைத் திறக்கவே மாட்டார். சந்தைக்கும் அத்தான்தான் போய்வருவார்.

அம்மா கட்டித்தந்த கறித்தூள் முடிந்துபோனது. ஊரில் செய்கிற மாதிரியே அக்கா குசினி அடுப்பில் தாச்சியை வைத்துச் செத்தல் மிளகாயைக் கொட்டி வறுத்தார். ஊரென்றால் பரந்த வளவு, நெடியைக் காற்றுக் கொண்டுபோய்விடும். லயினிலோ எல்லா வீட்டுக்கும் ஒரே முகடு. நெடி மேலே ஏறி வீடு வீடாக இறங்கியது. ஒரே தும்மலும் இருமலும். மலாய்க்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு “ஆப்பி! ஆப்பி!” என்று கத்தி ஓடினாள். ஆப்பி என்றால் நெருப்பு என்று அன்றைக்குத்தான் அறிந்தோம். பஞ்சாபிக்காரர் பக்கத்து ஸ்டேசனில் நெருப்பணைக்கத் தொங்கிய மணல் வாளியோடு ஓடிவந்து, அடுப்பு, தாச்சி, மிளகாய் எல்லாவற்றின் மேலும் கொட்டிவிட்டு, தாடி குலுங்கக் குலுங்கத் தும்மினார்.

ரயில்வேத் துரை அத்தானைக் கூப்பிட்டு, இன்னொருமுறை இப்படி நடந்தால் வீட்டைவிட்டு எழும்பவேண்டும் என்று சொல்லிவிட்டார். அத்தான் முகம் கறுத்து வந்தார்.

“உமக்கு இந்த இடம் சரிவராது. அடுத்த கப்பலிலை உம்மையும் தங்கச்சியையும் ஏத்திவிடுறன். நான் லீவிலை வந்து பாக்கிறன்.”

“எத்தினை வரியத்துக்கு ஒருக்கா லீவு?”

“மூண்டு நாலு வரியம் செல்லும்.”

“அப்ப நான் கலியாணம் முடிச்சது உங்களையோ, கப்பலையோ? நான் போகமாட்டன்.”

“பின்னை, தூள் இல்லாமலோ சமைக்கப்போறீர்?”

“தூளும் இடிப்பன், இஞ்சையும் இருப்பன். பாருங்கோவன்.”

மலாயாக்காரரைக் கட்டிவிட்டுத் தனியே ஊரில் காத்திருந்து தலை நரைத்த பெண்களை அக்கா கண்டவர். அந்தச் சீவியத்துக்குத்தான் பயந்தார்.

மறுநாள் அத்தான் வேலைக்குப் போனதும் அக்கா முன்கதவைத் தன் கையாலேயே திறந்தார். “வாடி தங்கச்சி” என்றார். நான் கதவுக்குப் பின்னாலே நின்றுகொண்டேன். அவர் வீடு வீடாகப் போய், ஒரு மிளகாயைக் காட்டி, தும்மிக் காட்டி, பிள்ளையாருக்குக் குட்டுவதுபோலத் தன் தலையில் குட்டிக்கொண்டார். மலாய்க்காரி முதலில் முறைத்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், அக்காவின் கையைப் பிடித்துப் போய்த் தண்டவாளத்துக்கு அப்பால் கிடந்த வெறுங்காணியைக் காட்டினாள்.

அக்கா அங்கே மூன்று கல்லு வைத்து அடுப்பு மூட்டினார். சேலைத் தலைப்பை உயர்த்திக் காற்றுப் பார்த்து, லயினுக்கு எதிர்ப்பக்கமாகப் புகையைப் போகவிட்டு வறுத்தார். பார்த்துக்கொண்டு நின்ற மலாய்க்காரி ஓடிப்போய்த் தன் மிளகாயையும் கொண்டுவந்து நீட்டினாள். அடுத்தமுறை சீனத்தி வந்தாள். பஞ்சாபிப் பெண் மல்லியோடு வந்து, அக்கா வறுத்தது காணாது என்று அகப்பையைப் பிடுங்கித் தானே கிண்டினாள். தீபாவளி வர அந்தக் காணியில் நாலு அடுப்பு எரிந்தது. பஞ்சாபிக்காரர் மட்டும் எட்டத்தில் மணல் வாளியோடு குந்தியிருந்தார்!

“மனிசியை எப்ப ஊருக்கு அனுப்பிறாய்?” என்று ஒரு சிநேகிதர் கேட்டதற்கு அத்தான் சொன்னார்: “நான் எங்கை அனுப்பிறது? லயின் விடாது.”

அதன்பின் அக்கா சந்தைக்குத் தனியே போய் மலாய்ப் பாசையிலேயே விலை பேசினார். பிள்ளைகளையும் அங்கேயே பெற்று வளர்த்தார். யப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் போக, அந்தக் காணியைக் கொத்தி மரவள்ளி நட்டார். லயினில் ஒரு பிள்ளையும் பட்டினி கிடக்கவில்லை. அத்தான் பென்சன் எடுத்தபின் இருவரும் ஒரே கப்பலில்தான் ஊருக்கு வந்தார்கள்.

அக்காவின் கடைசி நோயில் பார்த்த வைத்தியருக்கும், இரவு பகல் பாராமல் வந்த அயலவர்க்கும், பாடை சுமந்த பிள்ளைகளுக்கும், கிரியைகள் செய்த ஐயருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரை ஒருநாளும் காணப்போகாத அந்த லயின் பெண்களுக்கும் கைகூப்புகிறேன். எங்களால் இருமித் தும்மியவர்கள், அக்கா வந்து நின்றபோது கதவைச் சாத்தியிருக்கலாம். ஒருத்தியும் சாத்தவில்லை.