தண்ணி குடிக்காத எத்திராஜ்

மாடிப்படியில் முதலில் கேட்பது தண்ணீர் குலுங்கும் சத்தம். 'களக் களக்' என்று அது ஒவ்வொரு படியாக ஏறி வரும். இரண்டாவது மாடியில் கொஞ்சம் நின்று, மறுபடி கிளம்பி, எங்கள் மூன்றாவது மாடி நடைக்கு வந்து சேரும். அதற்குப் பிறகுதான் ஆள் தெரிவார். மூக்கு வரை மூடிய பச்சைத் துணி, தொளதொளவென்று ஒரு வெள்ளைச் சட்டை, தோளில் வலைக்கயிற்றில் கட்டித் தொங்கும் பெரிய தண்ணீர் பாட்டில். ஊரில் ஒருவரும் முகமூடி போடாத காலம் அது, ஆகவே எங்கள் ஹவுசிங் போர்டுப் பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் 'டேய், கொள்ளக்காரன் வந்துட்டாண்டா' என்று கத்திக்கொண்டே ஓடுவார்கள். அவரும் பதிலுக்கு இரண்டு கைகளையும் தூக்கிப் பயமுறுத்துவார்.

எத்திராஜ் மாமா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர், லாஞ்சில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். நல்ல வயதில் இதயம் வீங்கிப் படுத்தார்; பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோன யாருடைய இதயத்தையோ எடுத்து அவருக்கு வைத்தார்கள். யாருடையது என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்வதும் இல்லையாம். பிழைத்தார், ஆனால் கடலுக்குப் போகக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். வலை கட்டிச் சாப்பாட்டுக்குச் சம்பாதித்த நேரம் போக, எண்ணூரிலிருந்து புளியந்தோப்பு வரை தன்னைப்போல் இதயம் கெட்டவர்களின் வீடுகளைத் தேடித் தேடிப் போனார். பயந்தவர்களுக்குச் சட்டையைத் திறந்து நெஞ்சின் நடுவே இறங்கும் தழும்பைக் காட்டுவார். ஆபரேஷன் ஆனவர்கள் மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறார்களா என்று விசாரிப்பார். அவரை ஒருவரும் இந்த வேலைக்கு வைக்கவில்லை, சம்பளமும் கிடையாது. அப்படிப்பட்ட மனிதரை எங்கள் வீட்டிலிருந்து விரட்டியடித்தோம். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் வீட்டுத் தண்ணீர் டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் வியாசர்பாடியில் இருந்தோம். நைனா, அதாவது என் அப்பா, கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் சிமென்ட் மூட்டை இறக்கியவர். வீட்டுக்கு யார் வந்தாலும், வட்டிக்காரனே வந்தாலும், அம்மா முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவாள். வந்தவர் குடிக்கிறாரா, குடித்தால் வாய் வைத்துக் குடிக்கிறாரா, தூக்கி ஊற்றிக்கொள்கிறாரா என்று நைனா பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பார். காரணமில்லாமல் பார்க்கவில்லை. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கென்று ஜன்னல் கம்பியில் தனி டம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா பாத்திரம் தேய்க்கப் போன வீட்டில் அவளுடைய டம்ளர் பின்பக்கத்துக் குழாயடியில் கவிழ்த்திருந்தது. எனக்குக்கூட, கூடப் படித்தவள் ஒருத்தி வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வரிலும் எனக்கு மட்டும் காகிதக் கப்பிலும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களோ இன்னும் நாசூக்கானவர்கள். 'இப்பதான் காபி குடிச்சேன்' என்பார் ஓட்டுக் கேட்க வந்தவர். 'தொண்டை சரியில்லை' என்பார் கணக்கெடுக்க வந்த டீச்சர். முகத்துக்கு நேரே உன் தண்ணீர் வேண்டாமென்று சொன்னவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் நைனாவுக்கு மூட்டை தூக்கும்போது மூச்சு அடைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயம் பெரிதாகிவிட்டது, மாற்றுவது ஒன்றுதான் வழி, சம்மதமென்றால் பெயரைப் பதிந்துகொள்கிறோம் என்றார்கள். நைனா பயந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டார். 'செத்தவன் நெஞ்ச வச்சிகினு நான் உசுரோட இருக்கணுமா?' என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போது ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி எத்திராஜ் மாமா வந்து சேர்ந்தார்.

அம்மா வழக்கம்போல் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கினார். வாங்கியவர் குடிக்காமல் தரையில் வைத்தார். 'வோணாம்மா, நான் வெளித்தண்ணி குடிக்கக்கூடாது' என்று சொல்லித் தன் பாட்டிலைத் தட்டிக் காட்டினார். அந்தப் பாட்டில்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. தண்ணீர் குடிக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறோம்; சொந்தத் தண்ணீரைச் சுமந்துகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தவரை அன்றுதான் பார்த்தோம்.

'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்டார் நைனா.

'திருவொற்றியூர் குப்பம் அண்ணாத்தே.'

'அதானே பாத்தேன். என் வூட்டுத் தண்ணி உன் தொண்டைல எறங்காதுன்னா, உன் பேச்சு என் காதுல எறங்காதுப்பா. கெளம்பு.'

'இல்ல அண்ணாத்தே, டாக்டருங்க சொல்லிக்கீறாங்க...'

'எல்லாரும் ஒரு காரணம் வச்சிகினுதான் வராங்க. கெளம்பு.'

அன்று சாயந்திரத்துக்குள் எங்கள் பிளாக் முழுவதும் செய்தி பரவிவிட்டது. 'தண்ணி அடிக்காதவன பாத்துக்கீறேன், தண்ணி குடிக்காதவன இப்பதான் பாக்குறேன்' என்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா சொல்ல, நடை முழுவதும் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி, அவளே கோபமாகச் சொன்னாள்: 'எவன் நெஞ்சுன்னு கேக்காம உள்ள வச்சிகினான். தண்ணிக்கு மட்டும் வூடு பாக்குறான்.' எங்களுக்கு அது மிகச் சரியான கேள்வியாகப் பட்டது. இன்று படித்தவர்கள் சிலரிடம் இதைச் சொல்லும்போது, ஐயோ, விஷயம் தெரியாமல் இப்படியா என்று உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. எங்களுக்கு விஷயம் தெரியும். தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தால் அதற்கு என்ன பொருள் என்று பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அவர் ஒருவர் மட்டும் வேறு பொருளில் வைத்தார் என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

நைனாவுக்கு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கினார், காலெல்லாம் வீங்கியது. எத்திராஜ் மாமா மறுபடி வந்தார். இந்த முறை பாட்டிலைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, நைனாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக அம்மாவிடம் போனார்.

'எம்மா, உன் குண்டான்ல உன் வூட்டுத் தண்ணிய அடுப்புல வையி. நல்லா தளதளன்னு கொதிக்கணும். அது ஆறுற வரைக்கும் நான் இங்கயே குந்திகினு இருக்கேன்.'

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா கூரையைப் பார்த்தார். அம்மா வைத்தாள். தண்ணீர் கொதித்தது, தட்டுப் போட்டு மூடி இறக்கி வைத்தாள், அது ஆறத் தொடங்கியது. ஒரு குண்டான் தண்ணீர் ஆற எவ்வளவு நேரமாகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. செல்வி அக்கா இரண்டு முறை ஏதோ கேட்கிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் அம்மா எங்கள் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் முகத்துணியை இறக்கி, விளிம்பில் வாய் வைத்து, எச்சில் பட, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

'இன்னொரு டம்ளர் வோணுமா?' என்றார் நைனா. எங்கள் நைனாவுக்கு மன்னிப்புக் கேட்க அவ்வளவுதான் தெரியும்.

'ஊத்தச் சொல்லு' என்றார் அவர். இரண்டாவதையும் குடித்துவிட்டுச் சொன்னார்: 'நெஞ்சு மாத்துனா, ஒடம்பு அத்த தொரத்தப் பாக்கும். தொரத்தாம இருக்கத்தான் மாத்திர. அந்த மாத்திரயால ஒடம்புல எதிர்ப்பு இருக்காது. உனக்கு வவுத்தால போனா எயுந்து வந்துருவ, நான் போயிருவேன். உன் வூட்ட வோணாங்கல அண்ணாத்தே. உன் பைப்புல வர்ற கலீஜத்தான் வோணான்னேன்.'

'அத்த அன்னிக்கே வெளக்கமா சொல்றதுக்கு இன்னா?'

'சொன்னா நம்பியிருப்பியா? சாக்கு சொல்றான்னுதான சொல்லுவ. குடிச்சிக் காட்டாம உன்னான்ட எந்தப் பேச்சும் நடக்காதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு.'

நைனா சிரித்தார். சிரிக்க மூச்சு போதாமல் இருமினார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயரைப் பதிந்தார்கள், சில மாதங்களில் அழைப்பு வந்தது, நைனாவுக்கு இதயம் மாற்றினார்கள். திரும்பி வந்தபோது கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. மூன்று மாடியையும் நிற்காமல் ஏறிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஆனால் அதே வீட்டுக்கு, அதே குழாய்க்குத்தான் திரும்பி வந்தார். அந்தக் குழாயில் முதலில் மஞ்சளாக வரும், பிடித்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் வெள்ளையாக வரும், மழைக்காலத்தில் காத்திருந்தாலும் சாக்கடை வாடைதான் வரும். எத்தனையோ முறை சொல்லியும் ஒருவரும் தோண்டிப் பார்க்கவில்லை. பல லட்சம் செலவாகக்கூடிய ஆபரேஷனை இலவசமாகச் செய்து கொடுத்த அதே அரசாங்கத்துக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க முடியவில்லை என்றால், இதை எந்த வகைக் கருணையில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எத்திராஜ் மாமா வாரம் தவறாமல் வந்தார். தண்ணீரைக் கொதிக்கவைப்பதையும் முகத்தை மூடுவதையும் மட்டும் அல்ல, வேண்டாமென்று சொல்லவும் நைனாவுக்குப் பழக்கப் பார்த்தார். 'வெக்கப்படாத அண்ணாத்தே. வோணாம்னு சொல்லு. கோச்சிகினா கோச்சிக்கட்டும்' என்பார். நைனா தலையாட்டுவார். வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெளியே போகாமல் இருப்பதுதான் நைனா கண்டுபிடித்த வழி. போனால்தானே கொடுப்பார்கள்.

ஐப்பசி மழையில் செல்வி அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். பக்கத்து வீடு, நைனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குச் சோறு போட்ட வீடு, போகாமல் இருக்க முடியுமா? போய் ஓரமாக உட்கார்ந்தார். செல்வி அக்காவுக்கு விவரம் தெரியும், அவள் கொடுக்கவில்லை. அவளுடைய சித்தப்பா, வெளியூரிலிருந்து வந்த பெரியவர், நைனாவை யாரென்று தெரியாமல் முன்னால் வந்து டம்ளரை நீட்டினார். நைனா வாங்கிக் குடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அவரே சொன்னார். 'அந்தப் பெரியவரு கைய நீட்டிகினு என் மூஞ்சியவே பாத்துகினு நின்னாரு. நான் கீழ வச்சா அவரு இன்னா நெனப்பாருன்னு எனக்குத் தெரியும். முடியலடி.'

அந்த வாரம் எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளில் வயிற்றுப்போக்கு. எல்லோரும் எழுந்து நடமாடினார்கள். நைனா மட்டும் எழவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், கெட்டவர் அல்ல, களைத்துப்போனவர், அம்மாவிடம் சொன்னார்: 'இவ்வளவு சொல்லியும் கவனமில்லாம இருந்துட்டாரேம்மா.' அம்மா அதுவரை அழவில்லை. அப்போதும் அழாமல்தான் சொன்னாள்.

'அவருக்கு எல்லாம் தெரியும் சார். வோணாம்னு சொல்லத்தான் தெரியல.'

எத்திராஜ் மாமா வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து, முகத்துணி நனைந்து மூக்கில் ஒட்டிக்கொள்ளும்வரை அழுதார். காரியம் முடிந்த மறுநாள் எங்கள் குழாயில் அவருடைய பாட்டிலை நிரப்பிக்கொண்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு அதிகாரி, தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் விடுகிறோம், குடிக்க ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். மாமா கையோடு கொண்டுபோன எங்கள் டம்ளரில் ஊற்றி மேஜையில் வைத்தார்.

'அப்ப ஒரு வாய் குடிங்க சார்.'

அதிகாரி டம்ளரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். 'இப்பதான் காபி குடிச்சேன்' என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். நைனா போனபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்க விரும்பவில்லை. எத்திராஜ் மாமா சிரிக்கவில்லை. குழாயைத் தோண்டும்வரை போய்க்கொண்டே இருந்தார், ஒவ்வொரு முறையும் அந்த டம்ளரோடு. கடைசியில் ஒரு நாள் தோண்டினார்கள். இரண்டு மழைக்குப் பிறகு பழையபடியே ஆனது.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்கிற முறையே மாறிப்போனது. நோயாளியின் வீட்டுக்கு நேராகப் போகமாட்டார். முதலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், 'உங்க பக்கத்து வூட்டுக்காரர் இனிமே உங்க வூட்ல தண்ணி குடிக்கமாட்டாரு, அவரு வாயால சொல்ல வைக்காதீங்க' என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அவர் காவலில் எத்தனையோ பேர் இந்தப் பகுதியில் பல வருஷம் வாழ்ந்தார்கள், சிலர் இன்னும் வாழ்கிறார்கள். ஊர் முழுக்க முகமூடி போட்ட வருஷத்தில் அவர் போனார். நோய்த்தொற்று அல்ல, அந்த இரண்டாவது இதயமும் களைத்துவிட்டது. அவரைக் கொள்ளைக்காரன் என்று கத்தியவர்களெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு தெருமுனையில் நின்றார்கள். யாரையும் கிட்டே விடவில்லை.

எங்கள் பழைய பிளாக்கை இடித்துவிட்டார்கள். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, சமையலறைக்குள்ளேயே குழாய் இருக்கிறது, அதில் வருவதை நாங்கள் குடிப்பதில்லை. எல்லோர் வீட்டிலும் கேன் தண்ணீர். விருந்தாளிக்கு டம்ளர் நீட்டுகிற வழக்கமும் போய்விட்டது. மூடி திறக்காத சின்ன பாட்டிலைக் கொடுக்கிறோம், அவர்களும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். போன மாதம் என் அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்படிக் கொடுத்த பாட்டிலைக் குடித்துவிட்டு, இப்போதெல்லாம் யார் வீட்டிலும் யாரும் பேதம் பார்ப்பதில்லை, காலம் மாறிவிட்டது என்று திருப்தியாகச் சொன்னார். அவர் குடித்தது எங்கள் வீட்டுத் தண்ணீர் இல்லை, கடைத் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

கவனக்குறைவு என்று டாக்டர் சொன்னார். மரியாதைக்காகச் செத்தார் என்று எங்கள் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று அதைத் திறந்துவிட்டவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த அதிகாரி குடிக்கவில்லை. என் அப்பாவுக்கும் தெரியும், அவர் குடித்தார்.