நுரையீரலில் குலாட்

எழுபத்திரண்டு வயதிலும் கோலில்லாமல் நடப்பவள் நான். இருமல் விடாமல் போகவே சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே பார்த்த பெண் டாக்டர், “நுரையீரல்ல குலாட்மா” என்றாள். குலாட் என்ற மலாய்ச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் தின்கிற காளான்தான்.

“நான் அதைத் தின்னவே மாட்டேன்லா!”

சிரித்துவிட்டாள். “இது பூஞ்சைம்மா. எல்லாரும்தான் மூச்சுல இழுக்கிறோம். ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுங்க பிடிச்சுத் தின்னுடும். உங்க உடம்புல மட்டும் ஏன் தின்னாம விட்டுச்சு? வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?”

மகளிடமும் மறைத்ததைப் பையிலிருந்து எடுத்தேன். முட்டிவலிக்கு நானே கடையில் வாங்கி, ஒரு வருடமாக விழுங்கிய மாத்திரை.

“இதுல ஸ்டீராய்டு இருக்கு. இதுதாம்மா அணுங்களைத் தூங்க வச்சிருச்சு. விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து.”

அப்படியானால் இத்தனை நாள் நடந்தது நானா, மாத்திரையா?

பூஞ்சைக்குக் கொடுத்த மருந்தில் இப்போது மூச்சு சீராகிவிட்டது. டாக்டர் சொன்னபடி பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததில் முட்டிவலி திரும்பிவிட்டது. வலிக்கும்போதெல்லாம், உள்ளே அணுக்கள் விழித்திருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறேன். அது சரிதானா என்று டாக்டரிடம் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது.